முதல் பெட்டிக்கு வைத்த சந்தனம்

1986 நவம்பர் 14
ஒன்பதாவது கலோரிமீட்டர் பெட்டியும் தேறிவிட்டது. ஈயத் தகடும் ஒளிரும் பிளாஸ்டிக் பலகையும் மாறி மாறி அடுக்கிய, துகள்களின் ஆற்றலை அளக்கும் பெட்டி. வானிலிருந்து விழும் துகள்கள் ஊடுருவும்போது எவ்வளவு ஒளி தருகிறது என்று முதல் பெட்டியோடு ஒப்பிடுகிறோம். முதல் பெட்டிதான் எங்கள் அளவுகோல். புதுப் பெட்டிகள் வாராவாரம் அதைவிடக் கூடுதலாகவே தருகின்றன. "கை பழகிருச்சும்மா" என்கிறார் வெங்கடாசலம் சார். ஏற்காட்டு ஆய்வுக்கூடத் தலைவர், பெருமைப்படட்டும். டிசம்பரில் பெட்டிகள் கப்பலில் ஜெனீவாவின் துகள் ஆய்வுக்கூடத்துக்குப் போகின்றன. கூடவே நானும்! பாஸ்போர்ட் வந்துவிட்டது.

நவம்பர் 17
கை பழகலாம். இவ்வளவா? ஏனோ மனசு ஒப்பவில்லை.

நவம்பர் 18
மூடி வைத்திருந்த மூன்றாவது பெட்டியை மறுபடி சோதித்தேன். யாரும் தொடாத பெட்டி, செப்டம்பரில் காட்டியதைவிட எட்டு சதவீதம் கூடுதலாகக் காட்டுகிறது. ஒளி தானாகக் கூடாதே. அப்படியானால் மற்றவை ஏறவில்லை — முதல் பெட்டி இறங்கிக்கொண்டிருக்கிறது.

நவம்பர் 19
மெக்கானிக் பொன்னுவேல் வெளிச்சம் புகாமல் முதல் பெட்டியைச் சுற்றியிருந்த கறுப்பு டேப்பைப் பிரித்தார். அடியில் மஞ்சள் கறை. சந்தன எண்ணெய் இறங்கி, பிளாஸ்டிக் பலகையின் விளிம்பு மங்கிப்போயிருந்தது.
"ஆயுத பூசைக்கு நாந்தானுங்க சந்தனம் வெச்சேன். மொதப் பொட்டியாச்சேன்னு நொம்ப அப்பிட்டேனுங்க." முகம் செத்துவிட்டது அவருக்கு.
கற்பூரம் காட்டியவர் சார். பக்கத்தில் நின்று கும்பிட்டவள் நான். பொன்னுவேலை மட்டும் என்ன சொல்வது?

நவம்பர் 20
சாரிடம் சொன்னேன். பூசைக்குப் பிறகு தேறிய ஐந்தையும் திரும்பச் சோதிக்க வேண்டும், கப்பல் தேதி தவறும் என்றேன்.
"எட்டு சதவீதத்துக்கா இந்தக் கூத்து? அங்க போயிப் பாத்துக்கலாம், சோதனைச் சான்றுல கையெழுத்தப் போடும்மா. கப்பல் போயிருச்சுன்னா அடுத்ததுல போறது பம்பாய் ஆளுங்க முறை, நீ போக முடியாது, தெரியுமில்ல?"
தெரியும். தெரியாமலா சோறு இறங்காமல் கிடக்கிறேன்? எங்கள் அளவை நம்பித்தான் அங்கே துகள்களின் ஆற்றலைக் கணக்கிடப் போகிறார்கள். ஐயோ, ஒரே ஒரு கையெழுத்து — போட்டுத் தொலைக்கட்டுமா?

நவம்பர் 21
போடவில்லை.

டிசம்பர் 9
மூன்றாவது பெட்டியை அளவுகோலாக வைத்து ஐந்தையும் சோதித்து முடித்தோம். ஏழும் ஒன்பதும் தேறவில்லை. பிரித்து மறுபடி சுற்ற வேண்டும். சார் என்னிடம் பேசுவதில்லை.

டிசம்பர் 16
தேறிய பெட்டிகள் அடுத்த கப்பலுக்குக் கிளம்பின. கூடப் போவது பம்பாய்க்காரர் ஒருவராம். லாரி கொண்டை ஊசி வளைவில் மறைந்ததும் அழுதுவிட்டேன்.
"ஏனுங்க மேடம், வருத்தமா இருக்குங்களா?" என்றார் பொன்னுவேல்.
"இல்லாம இருக்குமா?" என்று எரிந்து விழுந்தேன். பாவம் மனுஷன்.
உள்ளே போய் ஏழாவது பெட்டியைச் சுற்ற உட்கார்ந்தோம். டேப்பை இழுத்துப் பிடிக்க இன்னொரு கை வேண்டியிருந்தது. பின்னாலிருந்து யாரோ வந்து பிடித்தார்கள். சார். சாயந்திரத்துக்குள் சுற்றி முடித்துவிட்டோம்.