வடக்குப் பந்தலின் மண்

1974 மாசி 19, வேலணை

இன்று வடக்குப் பந்தலில் முந்திரிகைக் கொடியிலிருந்து திராட்சைக் குலைகள் வெட்டினோம். இலை தெரியாமல் காய்த்திருந்தது. இவருக்கு வாயெல்லாம் பல். "பாத்தீரே சிவயோகம், யூரியாவின்ர வேலையை!" எருவுக்கு மாட்டுப் பட்டி அடைத்து, பனையோலையும் பூவரசங்குழையும் புதைத்து நான் வளர்க்கும் தெற்குப் பந்தலில் அதில் பாதிதான். எனக்குக் கொஞ்சம் பொறாமை, மறைப்பானேன்.

கார்த்திகை 23

மழை. தெற்கில் விழுந்த தண்ணீரை மண் குடித்துவிட்டது. வடக்கில் இன்னும் நிற்கிறது. மண்வெட்டியால் கொத்தினால் பாளம் பாளமாக வருகிறது, ஒரு மண்புழு இல்லை. இவரிடம் சொன்னேன். "பழத்தைப் பாரும், புழுவை ஏன் தேடுறீர்?" என்றார்.

1975 பங்குனி 9

மகள் இராசேஸ்வரியைக் கேட்டு அரியநாயகம் வீட்டார் வந்தார்கள். இரண்டு பந்தலில் ஒன்று சீதனம் என்று இவர் சொல்ல, அரியநாயகம் குலைகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு வடக்கைக் கேட்டார். மாப்பிள்ளை சோமநாதன் மட்டும் குனிந்து ஒரு பிடி மண் எடுத்துப் பார்த்தார். தகப்பனைத் திரும்பிப் பார்த்துவிட்டு அதைக் கீழே போட்டார்.

பிள்ளைக்குக் களைத்த மண்ணையா கொடுப்பது?

பங்குனி 11

மனம் கேட்கவில்லை. போய்ச் சொல்லிவிட்டேன். "அண்ணை, வடக்கு மண் இறுகிப்போச்சு. கன வருசம் காய்க்காது. தெற்கை எடுங்கோ."

அரியநாயகம் சிரித்தார். "நல்லதை உங்களுக்கு வைச்சுக்கொள்ளப் பாக்கிறியள், தங்கச்சி. எனக்கும் கண் தெரியும்."

உண்மை சொன்ன எனக்கு இந்தப் பேச்சு! வீட்டுக்கு வந்தால் மகள் அழுகிறாள். "அம்மா, என்ர கலியாணத்தைக் குழப்பப் பாக்கிறியளே?" — நானா? நானா குழப்புகிறேன்?

ஆனி 2

சீதன உறுதிப் பத்திரம் எழுதியாகிவிட்டது. வடக்குப் பந்தல் மகளுக்கு. கையெழுத்து வைத்தேன்.

1976 ஆவணி 6

இரண்டு பந்தலுக்கும் நடுவில் இப்போது கிளுவை வேலி. கலியாணத்துக்குப் பிறகு மகள் நம் வீட்டுப் படி மிதிக்கவில்லை. இன்று அந்தப் பக்கம் அவள் தண்ணீர் பாய்ச்சும் சத்தம் கேட்டது. "பிள்ளை" என்று கூப்பிட்டேன். சத்தம் நின்றது. பிறகு திரும்பவும் தொடங்கியது.

1977 தை 30

வடக்கில் இலைகள் மஞ்சள். இன்னும் கூடுதலாக யூரியா போடுகிறார்களாம். ஐயோ, வேண்டாம் என்று யார் போய்ச் சொல்வது? நான் சொன்னால் எடுபடுமா?

ஆவணி 14

காலையில் சோமநாதன் வந்தார். "மாமி, பொம்பிளை கேட்டு வந்த அண்டைக்கே மண்ணைப் பாத்தனான். அப்பாவுக்கு முன்னால கதைக்க ஏலாமப் போச்சு." அவருக்குப் பின்னால் என் மகள், கையில் மாட்டுக் கயிறு. "அம்மா, மாடுகளை எங்கட பக்கம் அடைக்க விடுவியளோ?"

எவ்வளவோ சொல்ல இருந்தது. ஓம் என்று மட்டும் சொன்னேன்.

ஆவணி 15

இருக்கிற மாடுகள் இரண்டு பந்தலுக்கும் காணாது. எல்லாவற்றையும் வடக்கில் அடைத்தோம். "உம்மட கொடிக்கு எரு?" என்று இவர் கேட்டார். தெற்கு மண் ஒரு வருடம் பொறுக்கும் என்றேன். மகள் மாடுகளுக்குத் தண்ணீர் எடுக்க வந்தவள், குசினி அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

மாடு போக வெட்டிய வேலியை இவர் பின்னேரம் கிளுவைக் கம்பு வெட்டி அடைக்கப் போனார். கத்தியை வாங்கி வைத்துவிட்டேன்.