தொடாமல் சொல்லச் சொன்னாய்

தம்பிக்கு,

எழுத வருகிறது; எழுதியதைத் திரும்பப் படிக்கத்தான் வரவில்லை. பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள்.

பக்கவாதம் வந்தபின் கண்ணால் பார்த்தால் எதற்கும் பெயர் வருவதில்லை, கையில் எடுத்தால் உடனே வந்துவிடுகிறது என்று உன் அண்ணியிடம்கூடச் சொல்லாமல் உன்னிடம்தான் சொன்னேன். "அப்போ கண்ண மூடிக்கிட்டே பட்டறைய நடத்தலாம்ணே" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன்.

நேற்று கூட்டாளிகள் மூவரையும் உட்காரவைத்து, மேசைக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு சாமானைத் தூக்கிக் காட்டினாய். நான் கை நீட்டினேன். சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாய்.

"தொடாம சொல்லுங்கண்ணே."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். நீ கைக்கே எட்டவிடவில்லை. கூட்டாளிகளில் பெரியவர் என் முகத்தைப் பார்க்காமல் பட்டறைச் சாவியை உன் பக்கம் நகர்த்தினார்.

எல்லாரும் போனபின் நீ காட்டிய சாமானை எடுத்துத் தடவினேன். கொறடு. பிடியில் என் கட்டைவிரல் முப்பது வருஷமாகத் தேய்த்த பள்ளம்.

கையை இழுத்தபோது உன் முகத்தில் ஒன்று இருந்ததே, அதற்கு மட்டும் பார்த்த மாத்திரத்தில் பெயர் வந்துவிட்டது. நாலு பேர் முன்னால் வேண்டாமென்று விழுங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்