சாயா சுட்டது

ஜூன் 12, வியாழன்.

இன்றைக்கு இவரிடம் நன்றாகத் திட்டு வாங்கினேன். மனசு நிறைந்திருக்கிறது.

மிளகு கோடவுனில் மூட்டைக் கொக்கி இவர் முதுகில் குத்தி நாலு மாசம். தண்டுவடத்தின் வலப்பக்கத்தில் மட்டும் அடி. வலது கால் துவண்டுபோனது. சூடும் வலியும் தெரியாமல் போனதோ, திடமாக இருக்கிற இடது காலுக்கு. நல்ல கால்தானே என்று வெந்நீர்ப் பையை வைத்துக் கொப்பளிக்கவிட்ட பாவி நான்.

சாயங்காலம் கை தவறி அதே இடது பாதத்தில் சாயாவைக் கொட்டிவிட்டேன்.

"எடியே, சுடுதுடி! கண்ணு தெரியலையா?"

கத்தியவர் சட்டென்று நிறுத்தினார்.

"சுட்டுச்சா?" என்றேன்.

"சுட்டுது... இன்னும் ரெண்டு சொட்டு ஊத்து."

பக்கத்து வீட்டுச் சேச்சி எட்டிப் பார்த்தபோது, காலில் சாயாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். பைத்தியம் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.