மூலையில்லாத டீப்பாய்

கையில் இன்னும் வார்னிஷ் வாசம் போகவில்லை. இரண்டு தரம் சோப்புப் போட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாலக்கரைப் பக்கம் இருக்கிற மரச்சாமான் கடையில், காலையில் ஒவ்வொரு டீப்பாயின் மூலையையும் தடவித் தடவிப் பார்த்ததன் பலன். கடைக்காரர் என்னைக் கிறுக்கன் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

எல்லாம் நம் பெண்ணின் பிடிவாதம். சென்னையிலிருந்து ஒரு வாரமாகப் போனில் படம் படமாக அனுப்பினாள். "சோபாவுக்கு முன்னாடி மொட்டையா இருக்குதுப்பா. இனிமேலாவது ஒரு டீப்பாய் வாங்கிப் போடுப்பா" என்றாள். 'இனிமேலாவது' என்று சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. சட்டென்று பேச்சை மாற்றி, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

அந்தச் சோபா வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். அவள் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. அப்போது உனக்குப் பாதிப் பார்வைதான் மிச்சம். சோபாவின் துணிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "சாம்பக் கலரா? எனக்கென்னமோ தொவைக்காத வேட்டி மாதிரி தெரியுது" என்றாய். அவள் முகம் சுருங்கிப்போனது. நீ சிரித்துச் சமாளித்தாய். சர்க்கரை உன் கண்ணைத் தின்றதோடு நிற்கவில்லை, காலிலும் உணர்ச்சியை எடுத்துவிட்டது. "கால்ல சின்னதா அடி பட்டாலும் லேசுல ஆறாது சார். அவங்களுக்கு வலியும் தெரியாது. நீங்கதான் பாத்துக்கணும்" என்று டாக்டர் சொன்னபோது, நான் பெரிய வீரன் போலத் தலையை ஆட்டினேன்.

ஆட்டாமல் என்ன? பீங்கான் கம்பெனியில் என் வேலையே அதுதானே. பொம்மை, ஜாடி, ஃப்யூஸ் கட்டை எல்லாவற்றையும் வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கி லாரியில் ஏற்றுவேன். வடக்கே எந்த ஊரில் போய் இறங்கினாலும் ஒரு பொம்மையின் மூக்கு நுனிகூட உடைந்திருக்காது. பொம்மையைக் காப்பாற்றுகிறவனுக்குப் பெண்டாட்டி காலைக் காப்பாற்றத் தெரியாதா என்று ஒரு திமிர்.

வருகிறவர்களுக்குக் காபி வைக்க ஒரு மேசை வேண்டும் என்று நீ கேட்டாய். என் தம்பி வீட்டில் சும்மா கிடந்த மர டீப்பாயைத் தூக்கி வந்தேன். நாலு மூலைக்கும் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிக் கட்டினேன். நீ தடவிப் பார்த்து, "முட்டுற மாட்டுக்குக் கொம்புல துணி சுத்துன மாதிரி இருக்குதுங்க" என்று சிரித்தாய். மூலைக்குத்தான் டியூப், விளிம்புக்கு என்ன செய்வது? உன் முழங்காலுக்குக் கீழே நீலம் பாரித்தது. டீப்பாய் தம்பி வீட்டுக்கே திரும்பிப் போனது. பிறகு பிரம்பு மோடா வாங்கினேன். இடித்தால் அது நகர்ந்துவிடும் என்று கணக்கு. நகர்ந்தது, அதைப் பிடிக்கப் போய் நீயும் விழப் பார்த்தாய்.

கடைசியில் கம்பெனியிலிருந்து அந்தப் பீங்கான் முக்காலியைக் கொண்டுவந்தேன். முக்காலி என்று பேர்தானே தவிர, காலே கிடையாது. மத்தளம் போல உருண்டு, வெள்ளையில் நீலப் பூப் போட்டது. எங்கே தேடினாலும் ஒரு மூலை இல்லை. உனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "கொழந்த தலை மாதிரி வழவழன்னு இருக்குதுங்க. இதுவே இருக்கட்டும்" என்றாய். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஒரு மத்தியானம் கம்பெனியிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தேன். சோபாவிலிருந்து சமையலறை வரைக்கும் தரையில் பொட்டுப் பொட்டாக ரத்தம். நீ அடுப்படியில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாய். முக்காலியில் இடித்துக் கால் சுண்டுவிரல் நகம் பெயர்ந்து தொங்கியது. நான் வாசலிலேயே நின்றுவிட்டதை உணர்ந்து, "என்னங்க, தண்ணி கிண்ணி கொட்டிட்டனா?" என்று கேட்டாய். அப்போது எனக்கு வந்த அழுகையை நீ பார்க்கவில்லை. பார்க்க முடியாமல் போனதற்கு முதலும் கடைசியுமாக அன்றுதான் சாமிக்கு நன்றி சொன்னேன்.

அந்தப் புண் ஆற எத்தனை மாதம்! விரலை எடுக்கணுமோ என்றுகூடச் சொன்னார்கள். அதற்குப் பிறகு சோபா முன்னால் ஒரு துரும்பு கிடக்க நான் விடவில்லை. நீதான் விடாமல் கேட்டாய். உன் அண்ணி வந்திருந்தபோது காபி டம்ளரைத் தரையில் வைத்தாள். நீ அதை உதைத்துவிட்டாய். அவள் போன பிறகு உட்கார்ந்து அழுதாய். "வந்தவங்களுக்கு ஒரு டம்ளர் வெக்க எடமில்லாத வூடு. போடுங்க ஒரு டீப்பாயி. போனா எங்காலுதானே போவுது!" எனக்குக் கோபம் வந்தது. உன் மேல் இல்லை. யார் மேல் என்று இன்றுவரை தெரியவில்லை. அதன் பிறகு யார் வந்தாலும் அவர்கள் குடித்து முடிக்கும்வரை தட்டை ஏந்திக்கொண்டு நானே நின்றேன். "ஓட்டல் சர்வர் மாதிரி நிக்காதீங்க, வர்றவங்களுக்குத் தொண்டையில எறங்கல" என்று திட்டுவாய். காலைக் காப்பாற்றிவிட்டேன். கிட்னி பக்கமாக வந்ததை எந்த வைக்கோலை வைத்துத் தடுப்பேன்?

இன்று கடையில் நான் செய்தது இதுதான். டீப்பாய்க்கு எதிரே கொஞ்ச தூரத்தில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, உன்னை மாதிரியே காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து பார்த்தேன். எங்கே இடிக்கிறது என்று தெரிய வேண்டாமா? கடைக்காரர் ஓடிவந்து தோளைப் பிடித்தார்.

"சார், கண்ணு தெரியலீங்களா?"

"எனக்கு இல்லீங்க."

"வூட்டுல யாருக்காச்சும்?"

நான் கண்ணைத் திறந்தேன். "வூட்டுல யாரும் இல்லீங்க" என்றேன்.

"அப்பறம் என்ன சார், எத வேணா எடுக்கலாம்" என்றார்.

பாவம், வியாபாரப் பேச்சு. இத்தனை வருஷம் எதையும் எடுக்க முடியாமல் இருந்ததுதான் குடித்தனம் போலிருக்கிறது. நாலு மூலையும் கூராக, கீழே பேப்பர் வைக்க ஒரு தட்டோடு இருந்த ஒன்றைக் காட்டி, இதைக் கட்டுங்கள் என்றேன். நீ கேட்டது அப்படித்தான் இருந்திருக்கும்.

மத்தியானம் குட்டியானை வண்டியில் கொண்டுவந்து சோபா முன்னால் போட்டுவிட்டுப் போனார்கள். எதிரே உட்கார்ந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. காபி போட்டு அதன் மேல் வைத்தேன். பக்கத்து வீட்டம்மா குழம்புக் கிண்ணத்தோடு பின்வாசல் வழியாக வந்திருப்பாள் போல, சமையலறையில் காலடிச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். எழுந்தேன், காபி தளும்பத் தளும்ப டீப்பாயைச் சுவர் வரைக்கும் இழுத்துவிட்டேன். அந்த அம்மா கிண்ணத்தோடு நின்று என்னையே பார்த்தாள்.

சாயங்காலம் பெண் வீடியோவில் கூப்பிட்டாள். "ஏம்ப்பா, செவுத்தோரம் கெடக்குது? சோபா முன்னாடி போடலையா?"

"போட்டேன்மா" என்றேன். "அம்மா நடக்க எடைஞ்சலா இருக்குது."