அவளுக்கு இரண்டு வாசல்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே அத்தையும் மகளும் சுகம். நான் சுகம் என்று எழுதப் பேனா ஓடவில்லை. மலையில் போன் சிக்னல் கிடைக்காததால் சித்தாள் அக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உங்களுக்கு இருமல் என்றாள். ஈரத் துணியோடு சாரம் ஏறாதீர்கள்.

அக்கா எல்லாம் சொன்னாள். மலையில் நீங்கள் கட்டுகிற வீடுகளில் ஒன்றின் சுவர் விழுந்ததைப் பற்றி யார் கேட்டாலும், "தப்பு என்னுது, பாதியில விட்டுட்டுப் போயிருக்கக் கூடாது" என்கிறீர்களாம். ஏன் உடனே திரும்பவில்லை என்று மட்டும் வாய் திறப்பதில்லையாம்.

அம்மாவுக்கு முடியவில்லை, உடனே வாங்க என்று பொய்யாகச் சொல்லியனுப்பிக் கூப்பிட்டவள் நான். வந்து பார்த்தால் அத்தை வாசலில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நீங்கள் சிரித்தீர்கள். திட்டியிருந்தால் தேவலை. வந்ததுதான் வந்தீர்கள், மேல் அறையை முடித்துவிட்டுப் போங்கள் என்று பிடித்துவைத்தேன். என் கூடப்பிறந்த அக்கா ஊரிலிருந்து வருவதற்குள் மாடி எழும்பிவிட வேண்டும் என்ற வீம்பு. பழைய குடிசையைப் பிரித்துவிட்டு, கூரை போடாத புதுச் சுவருக்குள் தார்ப்பாய் கட்டி ஒரு குடும்பம் கிடக்கிறது என்று சொன்னீர்கள். "மலை ஜனங்களுக்கு மழை என்ன புதுசா?" என்று கேட்டேன். அந்த வாயை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

அந்த மழையில் சுவர் விழுந்து அடிபட்டவளை இங்கே பெரிய ஆஸ்பத்திரியில்தான் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் போனேன். சின்னப் பெண். நம் மகளைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். சுவர் தன் கைக்குழந்தைமேல் விழாமல் தோளைக் கொடுத்துத் தாங்கியிருக்கிறாள். குழந்தைக்குக் கீறல்கூட இல்லை. அவளுக்குத் தோளிலிருந்து முழங்கைவரை கட்டு. மேஸ்திரி வீட்டுக்காரி என்று சொன்னதுதான் தாமதம், எழுந்து உட்காரப் பார்த்தாள். "அம்மாவுக்கு முடியலைன்னு மேஸ்திரி சொல்லிட்டுப் போனாரே, இப்ப எப்படிங்க இருக்கு?" என்று கேட்டாள். தேவலை என்றேன். ஆமாம், அங்கேயும் பொய்தான் சொன்னேன்.

கட்டு பிரிக்கும்வரை டாக்டர் மலைக்கு அனுப்ப மாட்டேன் என்றார். அதனால் தாயும் பிள்ளையும் இப்போது நம் மேல் அறையில். அவள் வீட்டுக்காரர் உங்களோடுதானே கல் சுமக்கிறார், அவரிடம் சொல்லிவிடுங்கள், கவலைப்பட வேண்டாம். ஆனால் அவள் அந்த அறைக்குள் தூங்குவதில்லை. நாலு பக்கமும் சுவரைப் பார்த்தால் மூச்சு முட்டுகிறதாம். வெளியே படி ஓரமாகப் படுத்துக்கொள்கிறாள்.

வந்த அன்றே அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "பொழைச்சு எழுந்துட்டீங்களே அம்மா" என்று கண் கலங்கினாள். "எனக்கென்ன கேடு, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அத்தை என் பக்கம் திரும்பினார். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மாடி ஆசை உட்பட.

அவள் அழவில்லை, ஏசவும் இல்லை. குழந்தையை நல்ல கைக்கு மாற்றிக்கொண்டாள். "எங்க வீடு எப்ப முடியும்?" என்று அத்தையிடம் கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை. அன்றிலிருந்து சாப்பாடும் அத்தை கொடுத்தால்தான் வாங்குகிறாள். நான் சமைத்து அத்தை கையில் கொடுத்துவிடுகிறேன்.

நேற்று அவளாகவே என்னைக் கூப்பிட்டாள். மன்னிக்கத்தான் கூப்பிடுகிறாளோ என்று ஓடினேன். "சுவர் விழுந்து வாசலை அடைச்சிருச்சு. பின்னாடி ஒரு கதவு இருந்தா ஓடியிருப்பேன். உங்க வீட்டுக்காரர்ட்ட எழுதுங்க" என்றாள். அவ்வளவுதான். பிளானில் ஒரு வாசல்தான் என்று யார் சொன்னாலும் நீங்கள் விடாதீர்கள். அவளுக்கு இரண்டு வாசல் வையுங்கள். மற்ற வீடுகளுக்கும் கேட்டுப் பாருங்கள். என் மேல் அறைக்கு வாங்கிய கதவை மலைக்கு வருகிற சிமெண்டு லாரியில் ஏற்றிவிட்டேன். வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

இனி யாரிடமும் தப்பு உங்களுடையது என்று சொல்லாதீர்கள். அவள் ஊருக்குப் போய் உள்ளதைச் சொல்லட்டும்.

மழை விட்டு, உங்கள் வேலை நல்லபடியாக நடக்கட்டும். கடைசி வீட்டுக்கும் கூரை ஏறும்வரை இங்கே வராதீர்கள். நானே கூப்பிட்டாலும் வராதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி