கிட்ட வராதே, ரீகன்

டிசம்பர் 19, 2047. காலை 6.00
பார்ஜ் (மிதவைத் தளம்) எண் 4. கரையிலிருந்து இருபத்திரண்டு கடல் மைல். காற்று வடகிழக்கு, மிதம். எண்ணெய்ப் படலம்: கண்ணுக்குத் தெரியவில்லை. தெளித்த தின்னி: நாற்பது லிட்டர். கருவிகள் இயல்பு நிலை.

பதிவைப் படிக்கிறவங்களுக்கு: நான் கிளாட்வின் மிராண்டா, சங்குக்குடா ஊர்க்காரன். கடலடிக் குழாய் வெடிச்சு இன்னையோட நாற்பத்தோரு நாள். கொட்டின எண்ணெயைத் தின்ன கம்பெனி ஒரு கிருமி செஞ்சிருக்கு. அதுக்கு நீளமா ஒரு பேர் உண்டு, நாங்க தின்னின்னு கூப்பிடுறோம். தெளிச்சா வெள்ளை நுரையா விரியும், எண்ணெயைத் தின்னும், தீர்ந்ததும் பட்டினியில சாகும். ஏட்டுல அப்படித்தான் போட்டிருக்கு.

இங்க ஆறு பேர் இருந்தோம். பதினஞ்சாம் தேதி ஹெலிகாப்டர் வந்து அஞ்சு பேரை ஏத்திட்டுப் போச்சு. கடல்காரனுக்குக் கடல்ல என்ன பயம்னு சிரிச்சுக்கிட்டே என்னை மட்டும் விட்டுட்டானுவ. 21ஆம் தேதி மாத்து ஆள் வரும். நாலு கிறிஸ்மஸ் வீட்டுல இல்லை. எம் மக ஜெனோவாவுக்கு ஏழு வயசு. இந்தத் தடவை குடில் அவளே கட்டுறா, நான் வந்துதான் நட்சத்திரத்துக்கு லைட் போடணுமாம்.

டிசம்பர் 20. காலை 11.15
நுரை பார்ஜைச் சுத்தி முன்னூறு மீட்டருக்கு நிக்குது. எண்ணெய் இல்லாம ரெண்டு நாள் ஆச்சு, இந்நேரம் செத்திருக்கணும். எண்ணெயைத் தடுக்கப் போட்டிருந்த ரப்பர் வேலியைத் தொட்டுப் பார்த்தேன். விரல் உள்ளே போகுது. தகவல் அனுப்பினேன்.

கட்டுப்பாட்டு அறை, அபிராம் சார்: "மிஸ்டர் மிராண்டா, வெயிலில் ரப்பர் இளகுவது இயல்பு. தொடர்ந்து கண்காணிக்கவும்."

பத்தொன்பது வயசுல இருந்து வெயிலையும் ரப்பரையும் பார்க்கிறவன் நான். ஏசி ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு எனக்குச் சொல்லித் தாரான்.

டிசம்பர் 21. மாலை 3.40
ஹெலிகாப்டர் வரலை. காலையில இருந்து பையைக் கட்டி வெச்சுக்கிட்டு மேல்தளத்துல கிறுக்கன் மாதிரி நின்னேன்.

கட்டுப்பாட்டு அறை: "விடுமுறைக் காலம் என்பதால் மாற்றுப் பணியாளர் 27ஆம் தேதி வருவார். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி. இனிய கிறிஸ்மஸ் வாழ்த்துகள்."

அந்த வாழ்த்தைக் கேட்டதும் வந்த கோபத்துல நாற்காலியை எடுத்து அடிச்சேன். நாற்காலி ரெண்டா போச்சு. பிளாஸ்டிக் நாற்காலிதான், ஆனாலும் அவ்வளவு லேசா உடையாது.

மீன்பிடிப் படகு வயர்லெஸ்ல எம் பொண்டாட்டி பிலோமியோட தம்பி ரீகனைப் பிடிச்சேன்.

ரீகன்: "அவன் அனுப்பலேன்னா போறான் அத்தான். 24 வெள்ளன நான் வாரேன். சாயங்காலம் சர்ச் சாமியார் படகு மந்திரிக்க வருவார், அதுக்குள்ள கரையில இருப்போம்."

மனசு நிறைஞ்சு போச்சு. கம்பெனி கெடக்கு, என் மச்சினன் இருக்கான்.

டிசம்பர் 22. மதியம் 1.10
கையுறை விரல் விரலா உதிர்ந்து போச்சு. நைலான் கயிறு, தார்ப்பாய், செருப்பு எல்லாமே பிசுபிசுப்பு. பெரிய அதிர்ச்சி உயிர்காப்புப் படகு. ஃபைபர். டீயில முக்கின பிஸ்கட் மாதிரி ஓரம் கையோட வருது. எஃகு, கண்ணாடி, பேப்பர் மூணும் அப்படியே இருக்கு.

உடைஞ்ச ஃபைபர் துண்டை வாளித் தண்ணியில போட்டு நுரை ஒரு கரண்டி விட்டுப் பார்த்தேன். ஆறு மணி நேரத்துல கஞ்சி. எண்ணெய்ல இருந்து செஞ்ச எதையும் இது விடாது. பட்டினியும் கிடையாது, சாவும் கிடையாது. எல்லாத்தையும் படத்தோட அனுப்பினேன்.

கட்டுப்பாட்டு அறை: "இது ஆய்வகத்தில் சாத்தியமில்லை என நிரூபிக்கப்பட்டது. உங்கள் அறிக்கையைத் திருத்தி மீண்டும் அனுப்பவும்."

திருத்தணுமாம். என் கையில இருக்கிற கஞ்சியைத் திருத்தச் சொல்றான்.

டிசம்பர் 23. காலை 9.00
விடிஞ்சதும்தான் உறைச்சுது. ரீகன் படகு ஃபைபர்.

எங்க ஊர்ல இருநூத்துப் பதினாலு படகு. மரம் ஒண்ணுகூட இல்லை. கிறிஸ்மஸுக்கு எல்லாத்தையும் கரையேத்தி, பக்கத்துப் படகோட இடிக்கிற மாதிரி ஒட்ட ஒட்ட நிறுத்துவோம். வலையை மேல போட்டு வைப்போம். சாமியார் கடல் தண்ணியைக் கோரி மந்திரிச்சு முதல் படகுல இருந்து கடைசி வரைக்கும் தெளிப்பார். ரீகன் இந்த நுரையில நனைஞ்சு வந்து நடுவுல நின்னான்னா மறுநாள் கரையில ஒரு படகு இருக்காது. அப்புறம் பக்கத்து ஊர், அதுக்குப் பக்கத்து ஊர். யோசிக்காம அவனைக் கூப்பிட்டவன் நான். என்னைச் செருப்பால அடிக்கணும், அதுக்கும் செருப்பு இல்லை.

படகு வயர்லெஸ் சத்தம் இல்லை. ஆண்டெனா ஒயர் மேலுறை போயி வெறும் செம்பா நிக்குது. கம்பெனி லைன் மட்டும் உயிரோட இருந்துது. ஊருக்கு ஒரு போன் போடுங்கன்னு கெஞ்சினேன். ஆமா, கெஞ்சினேன்.

கட்டுப்பாட்டு அறை: "பண்டிகை நேரத்தில் தேவையற்ற பீதியைக் கிளப்புவது ஒப்பந்த மீறல். உங்கள் கோரிக்கை விடுமுறைக்குப் பின் பரிசீ"

அதோட லைன் செத்துது.

மாலை 4.30
கம்ப்யூட்டர் பட்டன் எல்லாம் குழைஞ்சு ஒட்டிக்கிச்சு. இனி தினசரி காலண்டர் தாளோட முதுகுல, பென்சில்ல. எஃகு டிபன் பாக்ஸ்ல வைக்கிறேன். எடுக்கிறவன் கவனி: பாக்ஸை உன் படகுல வைக்காதே. நீ வந்திருக்கிறதே தப்பு.

பார்ஜ் பக்கவாட்டுல பெயின்டால கிட்ட வராதேன்னு ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கேன்.

டிசம்பர் 24. காலை 8.00
எழுத்து முழுக்க வழிஞ்சு கடலுக்குப் போச்சு. பெயின்ட்டும் எண்ணெய்தானே. இது எனக்குத் தோணலை பாருங்க.

9.50
வடமேற்குல ஒரு படகு. முன்பக்க அணியம் ஊதா, ரீகன்தான்.

ரெண்டு கையையும் ஆட்டினேன், போ போன்னு. அவனும் கையை ஆட்டிட்டு வேகத்தைக் கூட்டினான். பெறவுதான் மண்டையில ஏறுச்சு. எங்க கடல்ல கையை ஆட்டினாலும் வான்னு அர்த்தம், துணியை ஆட்டினாலும் வான்னு அர்த்தம். கிட்ட வராதேன்னு சொல்ல எங்ககிட்ட ஒரு சைகைகூடக் கிடையாது. எவனுக்கும் அது தேவைப்பட்டதில்லை.

10.10
உள்ளே போய் ஒளிஞ்சேன். ஆள் இல்லேன்னா திரும்பிருவான்னு நெனைச்சேன். இஞ்சின் சத்தம் கூடுது. ஆளைக் காணோம்னா அவன் இன்னும் வேகமாத்தான் வருவான். நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

10.25
மிச்சம் இருந்த டீசலை எஃகுத் தளத்துல ஊத்திக் கொளுத்திட்டேன். நெருப்பைப் பார்த்தா பயந்து நிப்பான்னு. கறுப்புப் புகை கோபுரம் உயரத்துக்கு.

10.40
நான் ஒரு முட்டாள். கடல்ல புகை தெரிஞ்சா வலையை அறுத்துப் போட்டுட்டுக் காப்பாத்த ஓடணும், எங்க ஊர்க் கட்டுப்பாடு அது. ஓடாதவனை ஊரைவிட்டு ஒதுக்கி வைப்போம். கிறிஸ்மஸ் மீனுக்காகக் கடைசியா வலை போட வந்தவனெல்லாம் என் பக்கம் திரும்பிட்டான். தெற்கே மூணு படகு. மேற்கே ஆறு. எண்ணுறதுக்குள்ள இன்னும் வருது.

அபிராம் சார், இதையும் திருத்தி அனுப்பவா? நீ ஒரு போன் போட்டிருந்தா போதும்யா. ஒரே ஒரு போன்.

11.05
ரீகன் நுரைக்குள்ள வந்துட்டான். தொண்டை கிழியக் கத்துறேன், இஞ்சின் சத்தத்துல அவனுக்கு எதுவும் கேட்கலை. அவன் பின்னால பதினேழு படகு, எல்லாம் வெள்ளையில மிதக்குது. எல்லாரும் எனக்குத் தெரிஞ்ச முகம்.

கரைக்கு மூணு மணி நேரம். ஃபைபருக்கு ஆறு மணி நேரம். நல்லாப் போய்ச் சேர்ந்துருவானுவ, அதான் பிரச்சினை. இங்கேயே இருந்தா சாயங்காலம் பதினெட்டுப் படகும் தண்ணிக்குள்ள. இந்த எஃகுத் தளத்துல நாற்பது பேர் நெருக்கி நிக்கலாம். சாப்பாடு ஒரு ஆளுக்கு நாலு நாளைக்கு இருக்கு.

ரீகன் சிரிச்சுக்கிட்டு ஒரு டப்பாவைத் தூக்கிக் காட்டுறான். ஜெனோவா கொடுத்துவிட்ட கேக்கா இருக்கும். ரோஸ் கலர் பிளாஸ்டிக் டப்பா.

எல்லாரும் என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வந்திருக்கானுவ. ஒருத்தனும் வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு இப்ப நான்தான் சொல்லணும். சொன்னா அடிப்பானுவ, அடிக்கட்டும். கேட்கலேன்னா கோடாலியை எடுத்து ஒவ்வொரு படகா நானே ஓட்டை போடுவேன். ரீகன் படகுதான் முதல்ல.

ரீகன் மேல ஏறிட்டான்.