வாப்பாவுக்குச் சொன்ன பொய்

2025 ஜூலை 8, செவ்வாய்

பாண்கார நுஹ்மான் நானாவிடம் இன்று ஒரு பொய் சொன்னேன். நல்ல பொய். எனக்கே பெருமையாக இருக்கிறது.

வாப்பா தன் ஆமிச் சப்பாத்தை நேற்று அவருக்குக் கொடுத்துவிட்டார். இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்ததிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் பொலிஷ் போட்டு வைக்கிற சப்பாத்து. என்னைக்கூடத் தொட விடமாட்டார். "எனக்கு இனி எதுக்கு" என்று சொல்லிக் கொடுத்தாராம். போன கிழமை கைக்கடிகாரம் சின்ன மாமாவுக்குப் போனது. அதற்கு முதல் வொலிபோல் பந்து பக்கத்து வீட்டுக்குப் போனது. வாப்பாவின் இந்தக் கொடுக்கிற விளையாட்டு எனக்குப் பிடிக்கவில்லை.

காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு, பேக்கரிப் பாண் விற்கிற அவருடைய வண்டி ஒழுங்கைக்குள் வந்ததும் ஓடினேன்.

"நானா, அந்தச் சப்பாத்தப் போட்டீங்களா?"

"போட்டேனே. ஜோரா ஈக்கி. ஏன்?"

"ஒன்டுமில்ல. வாப்பாட கால்ல பூஞ்சணம் ஈந்திச்சி. சப்பாத்த எரிக்கச் சொல்லி டொக்டர் சொன்ன. வாப்பா மறந்துட்டாரு போல."

நுஹ்மான் நானா நின்ற இடத்திலேயே ஒற்றைக் காலைத் தூக்கிப் பார்த்தார். பின்னேரம் வரும்போது, பாண் எடுக்கிற நீள இடுக்கியால் சப்பாத்தைப் பிடித்துக்கொண்டு வந்து மதிலுக்கு மேலால் போட்டுவிட்டுப் போனார். இப்போது அது என் கட்டிலுக்கடியில் இருக்கிறது.

இடுக்கியைக் கழுவச் சொல்ல மறந்துவிட்டேன்.

ஜூலை 9, புதன்

காலைச் சாப்பாட்டுக்கு உம்மா பாண்தான் வாங்கினார். எனக்குப் பசியில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கிழமை தண்ணீர் குடிக்க எழும்பிப் போனபோது, வாப்பா உம்மாவிடம் சொல்வது கேட்டது. "நான் இல்லாட்டி ஒங்க ரெண்டு பேருக்கும் லேசு, றம்லா."

"அஸ்தஃபிருல்லாஹ்! பேசாதீங்க" என்றார் உம்மா. வாப்பாவும் பேசவில்லை. அன்றிலிருந்து கேட்டால்தான் ஒரு சொல். த்ரீவீலரை எடுப்பதில்லை. போன் அடித்தால் திருப்பிக் கவிழ்த்து வைக்கிறார், அது நோன்புப் பெருநாளிலிருந்தே. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

எனக்குப் பதினாலு வயது. 'லேசு' என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

வாப்பாவின் ஆமிக் கூட்டாளிகளிடம் சொல்வோமா என்று உம்மாவிடம் கேட்டேன். "ஊருக்குத் தெரிஞ்சா என்ன கதைப்பாங்க? வாயப் பொத்திக்கொண்டு படி." ஆனால் உம்மா அப்போது தைத்துக்கொண்டிருந்த தலையணை உறையின் நாலு பக்கமும் மூடியிருந்தது. தலையணை எங்கே போகும் உம்மா?

வாப்பாவிடமே கேட்டேன். ஏக்கநாயக்க மாமாவைக் கூப்பிடலாமா? வாப்பாவோடு ஒரே செக்ஷனில் இருந்தவர் அவர். கலேவெலக்காரர். ஊரில் வாப்பாவுக்குப் பெயர் 'ஆமி பதுர்தீன்'. ஆமியில் பெயர் 'தம்பியா', முஸ்லிம்களைச் சிங்களத்தில் நக்கலாகக் கூப்பிடுகிற சொல். ஏக்கநாயக்க மாமா ஒருவர்தான் எப்போதும் 'பதுர்' என்று கூப்பிடுவார்.

"வேணாம். அவனுக்கு அவன்ட பாடு. எனக்குக் காவல் ஈக்க ஒருத்தரும் தேவல்ல."

சரி. காவல் இருக்க ஒருவரும் தேவையில்லை. ஆனால் காவல் இருக்கப் போகச் சொன்னால்? வாப்பா உதவி கேட்டு யாரிடமும் போகமாட்டார். உதவி கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பவும் மாட்டார். மழையில் நனைந்த ஆட்டுக்குட்டியை த்ரீவீலரில் ஏற்றி, அதன் சொந்தக்காரர் வீட்டில் இறக்கியவர்.

எனக்கு ஒரு குழப்படி யோசனை வருகிறது. அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

ஜூலை 12, சனி

இரண்டு வேலை செய்தேன். ஒன்றில் உண்மை சொன்னேன், மற்றதில் பொய்.

உண்மை: உம்மாவின் போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய் ஏக்கநாயக்க மாமாவுக்குக் கோல் எடுத்தேன். சிங்களத்தில் யோசித்து வைத்திருந்ததெல்லாம் பறந்துவிட்டது. "வாப்பா செத்துப் போயிடுவாரோண்டு பயமா ஈக்கி மாமா" என்பதை மட்டும் எப்படியோ சொன்னேன். கோல் வெட்டுப்பட்டுவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு மெதுவாகச் சொன்னார்: "நாளைக்கு முதல் பஸ்ஸுல வாறேன் துவ. அது வரைக்கும் அவனத் தனிய விடாதே. உம்மாகிட்டயும் இப்பவே செல்லு. ஒளிக்காதே." 'துவ' என்றால் சிங்களத்தில் மகள். வைப்பதற்கு முன், "நீ இன்டைக்குக் கோல் எடுத்தது நல்லது" என்றும் சொன்னார். மரியாதைக்குச் சொன்னாராக்கும்.

உம்மாவிடம் சொன்னேன். ஏசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நானும் நித்திர கொள்ளல்ல மகள்" என்றார்.

இனிப் பொய். வாப்பாவிடம் போய், "ஏக்கநாயக்க மாமாட வீட்டிலிருந்து குசுமா மாமி பேசின" என்றேன். மாமா சாப்பிடுவதில்லையாம், பேசுவதில்லையாம், சுவரைப் பார்த்தே படுக்கிறாராம். வாப்பா செய்வதையெல்லாம் எடுத்து மாமாவின் தலையில் போட்டேன். "நாளைக்கு ஏதாச்சும் சாட்டு செல்லி அவர இங்க அனுப்புறாங்களாம். நீங்க ஒன்டும் கேக்க வேணாமாம், கூட ஈந்தாப் போதுமாம். அழுதழுதுதான் பேசின. நடுவுல இருமல் வேற."

இருமலை ஏன் சேர்த்தேன் என்று தெரியவில்லை. சும்மா ருசிக்கு.

வாப்பா எழும்பி உட்கார்ந்தார். "ஏக்கநாயக்கவா? அவன் சிங்கம் மாதிரி ஆளு!" பிறகு போய் முகத்தைச் சவரம் செய்தார். குசினி வாசலில் நின்று, "றம்லா, நாளைக்கு நல்லதா ஏதாச்சும் ஆக்குங்க. அவன் சாப்பிட்டு எத்தின நாளோ" என்றார்.

உம்மா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. சத்தம் வெளியே வராமல் சிரிப்பது எவ்வளவு கஷ்டம்!

ஏக்கநாயக்க மாமா காலையிலேயே வந்துவிட்டார். வாசலில் நின்றுகொண்டே, "மிளகுக் கன்டு வாங்க வந்த, பதுர்" என்றார். மாத்தளை மிளகு கலேவெல வெயிலில் எங்கே வளரும்? வாப்பாவுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் சுகமில்லாத மனிதரோடு தர்க்கம் செய்யலாமா? "நல்ல கன்டு ஈக்கி மச்சான். மொத வந்து சாப்பிடு" என்றார்.

சாப்பாட்டு மேசையில்தான் பெரிய யுத்தம். மாமா சாப்பிட வேண்டும் என்பதற்காக வாப்பா சாப்பிட்டார். வாப்பா சாப்பிட வேண்டும் என்பதற்காக மாமா சாப்பிட்டார். வாப்பா ஒரு கரண்டி போட்டால் மாமா இரண்டு போடுகிறார். ஒருவர் கையை ஒருவர் கண்ணால் பிடித்துக்கொண்டு, சட்டி காலியாகும் வரைக்கும் ஒருவரும் எழும்பவில்லை. "மாஷா அல்லாஹ், வயிறு வெடிக்கும்" என்றார் மாமா. வாப்பாவிடம் கற்ற தமிழ் அது. சாப்பாடும் ஏச்சும் மட்டும்தான் அவருக்குச் சுத்தமாக வரும். உம்மாவுக்கும் எனக்கும் கறிக் குழம்பு மட்டும் மிஞ்சியது.

மாமா கக்கூசுக்குப் போனால் வாப்பா கிணற்றடியில் நின்று இருமுகிறார். வாப்பா போனால் மாமா போய் அதே இடத்தில் நின்று சிங்களப் பாட்டு முணுமுணுக்கிறார். பின்னேரம் இரண்டு பேரும் கடைக்குப் போனார்கள், ஒரு தீப்பெட்டி வாங்க. வாப்பா வெளியே போனதைப் பார்த்து ஒழுங்கையே பார்த்து நின்றது.

இரவு மாமா இங்கேதான் தங்குகிறார். மண்டபத்தில் இரண்டு பாய் விரித்திருக்கிறது. கன்று பற்றி யாருமே பேசவில்லை.

ஜூலை 14, திங்கள்

என்ன செஞ்சிட்டேன்.

காலையில் நான் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். வாப்பாவும் மாமாவும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். வாப்பா குரலைத் தணித்து, "ஒளிக்காதே மச்சான். குசுமா எல்லாம் செல்லிட்டா" என்றார்.

மாமா கோப்பையை வைத்தார். "ஆரு?"

"குசுமா. எங்கட நுஸ்லாகிட்ட பேசின. முந்தா நாள்."

"பதுர்." மாமாவின் சத்தம் சின்னதாகிவிட்டது. "குசுமா வெசாக் பண்டிகைக்கு முந்தின கிழமை செத்துட்டா. ஒனக்கு எத்தின தரம் கோல் எடுத்தேன். நீ தூக்கவே இல்ல."

எனக்குத் தெரியாது. சத்தியமா எனக்குத் தெரியாது. செத்துப் போன மனிசிக்கு அழுகையும் இருமலும் கொடுத்து — யா அல்லாஹ்.

மாமா என்னைப் பார்த்து, "இருமினாளா?" என்று மட்டும் கேட்டார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் ஒரு காலில் மட்டும் பள்ளிச் சப்பாத்தோடு நின்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். கிணற்றடிக் கோல், லேசு என்ற பேச்சு, கைக்கடிகாரம், கட்டிலுக்கடியில் இருப்பது, எல்லாம். மூக்கெல்லாம் ஒழுகியது.

மாமா கதிரையை வாப்பாவின் முழங்கால் முட்டும் வரைக்கும் இழுத்துப் போட்டார். "நேராக் கேக்குறேன் பதுர். சாக நெனச்சியா?"

இப்படிக் கேட்கலாமா? கேட்டால் இன்னும் மோசமாகிவிடாதா? நான் உம்மாவின் சீலையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஓ" என்றார் வாப்பா. அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல் வெளியே வந்ததும் அவர் தோள் இறங்கியது, மூட்டையைக் கீழே வைத்த மாதிரி. பிறகு அவர் கேட்டார்: "நீ?"

"நானும்தான்" என்றார் மாமா. "இவட கோல் வந்த அன்டைக்கு நான் நல்லா ஈக்கல்ல. பதுருக்குச் சரியில்லையாம், போகோணும் எண்டு நெனச்சேன். அந்த யோசனையிலேயே விடிஞ்சிட்டு." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ செல்லினதுல இருமலத் தவிர எல்லாம் உண்ம, துவ."

வாப்பா அழுவதை நான் இதற்கு முதல் பார்த்ததில்லை. மாமியின் மரணவீட்டுக்குப் போகாததற்குத்தான் அழுதார். இரண்டு பேரும் ஒரே கைலேஞ்சியால் முகம் துடைத்தார்கள்.

உம்மா பாணை வெட்டி வைத்தார். "ரெண்டு பேரும் மொத சாப்பிடுங்க."

இடுக்கியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

தண்டனை கிடைத்துவிட்டது. குசுமா மாமியின் மூன்று மாதத் தானத்துக்கு, அதாவது அவர் நினைவாகப் பிக்குமாருக்குச் சாப்பாடு கொடுக்கிற நாளுக்கு, நான் கலேவெல போய் வேலை செய்ய வேண்டும். தீர்ப்புச் சொன்னது வாப்பா. ஒரு சாக்கு உருளைக்கிழங்கு உரிக்க வேண்டும் என்று கூட்டிச் சொன்னது மாமா.

ஜூலை 23, புதன்

இரண்டு பேரும் மாத்தளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போய் வந்தார்கள். மன டொக்டரிடம். வாப்பா உள்ளே போகும்போது மாமா கதவடியில் காவல். மாமா போகும்போது வாப்பா. "உள்ள என்ன கேட்ட?" என்று உம்மா கேட்டார். "அதே கேள்விதான். ஆனா ஏக்கநாயக்க மாதிரி முழங்கால்ல இடிக்கல்ல" என்றார் வாப்பா.

மாத்திரை இரவில் ஒன்று. உம்மா எடுத்துக் கொடுக்கிறார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கலேவெல. உரித்தேன், உரித்தேன், உரித்துக்கொண்டே இருந்தேன். குசுமா மாமியின் படத்துக்கு முன்னால் நின்று மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். சிரித்த முகம். இருமுகிற ஆள் மாதிரியே இல்லை.

பழைய செக்ஷனில் ஏழு பேர் வந்திருந்தார்கள். பாத்திரம் கழுவி முடிந்ததும் பின்வளவில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆமியில் வரிசையில் நின்று இலக்கம் சொல்வார்களாம், எக்காய், தெக்காய், துனாய் என்று. நாளையிலிருந்து ஒவ்வொரு நாள் காலையிலும் ஒவ்வொருவரும் தன் இலக்கத்தைச் சொல்லிப் பதிவு செய்து, மற்றவர்களின் போனுக்கு அனுப்ப வேண்டுமாம். ஒருவருடைய இலக்கம் வராவிட்டால், பக்கத்து ஊர்க்காரர் உடனே அவர் வீட்டுக்குப் போக வேண்டும். ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. போக வேண்டும்.

வாப்பா நாலு. "ஹத்தராய்!" என்று கத்திப் பழகினார். மரத்திலிருந்த காகங்கள் பறந்தன.

செப்டம்பர் 6, சனி

வாப்பா இன்று நாலு சொல்லவில்லை. எழும்பவும் இல்லை. சரியாகிவிட்டது என்று நினைத்தேனே. இல்லையா?

காலைச் சாப்பாட்டுக்கு முதலே கேற்றில் இரத்தோட்டையிலிருந்து அஞ்சாம் இலக்கக்காரர் வந்து நின்றார். பின்னாலேயே மாமா வந்தார். ஒருவரும் புத்தி சொல்லவில்லை. வாப்பாவின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து கடதாசிச் சீட்டு விளையாடினார்கள். கள்ள விளையாட்டு என்று வாப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அஞ்சு ஒத்துக்கொள்ளவில்லை. சண்டை பிடிக்கத்தான் வாப்பா எழும்பினார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

காலையில் வாப்பா என்னை மண்டபத்துக்குக் கூப்பிட்டார். மாமாவும் இருந்தார். இரண்டு முகமும் பரீட்சை மண்டபத்து முகம் மாதிரி இருந்தது. நான் கடைசியாகச் செய்த குழப்படி எது என்று அவசரமாக யோசித்தேன்.

"மகள், ஒரு பொய் வேணும்" என்றார் வாப்பா.

"எனக்குப் பொய் செல்லத் தெரியா வாப்பா."

மாமாவுக்குத் தேத்தண்ணி புரையேறியது.

யட்டவத்தையில் ஜயசுந்தர என்று ஒருவர் இருக்கிறாராம். அதே செக்ஷன். தானத்துக்கும் வரவில்லை, இலக்கமும் சொல்வதில்லை. யார் போனாலும் கதவைத் திறப்பதில்லை. "வீட்டில் கோழி வளர்க்கிறாரு, அதுகளோட மட்டும்தான் பேச்சாம்" என்று அவருடைய தங்கச்சி அழுதிருக்கிறார்.

"கதவத் தொறந்தாப் போதும்" என்றார் மாமா. "உள்ளுக்குப் போய் நேராக் கேக்குறது எங்கட வேல."

நான் யோசித்தேன். வெகு நேரம் தேவைப்படவில்லை. "வாப்பா ஆசையா வளக்குற சேவலுக்குச் சரியில்ல. சாப்பிடுறதுமில்ல, கூவுறதுமில்ல. மாத்தளையில ஒருத்தருக்கும் என்னண்டு தெரியல்ல. அவர்தான் பாத்துச் செல்லோணும்."

"எங்கட்ட சேவல் இல்லயே."

"பக்கத்து வீட்டுல ஈக்கி."

"அல்லாஹ்வே, வாப்பாவும் மகளும் சேந்து ஊரக் கெடுக்கிறாங்க" என்றார் உம்மா குசினியிலிருந்து. ஆனால் சேவலை மூட உரப்பையைத் தேடி எடுத்துக் கொடுத்ததும் அவர்தான்.

வாப்பா த்ரீவீலரை வெளியே எடுத்தார். மாமா பின் சீட்டில் சேவலை மடியில் வைத்துக்கொண்டு, கழுத்தைத் தொங்கப் போடும்படி அதற்குச் சிங்களத்தில் பாடம் நடத்தினார். சேவல் ஒழுங்கை முனை திரும்பும் முன்பே, ஊரெல்லாம் கேட்கக் கூவியது. மாமா பாய்ந்து அதன் சொண்டைப் பொத்தினார். அடுத்த கூவலை மறைக்க வாப்பா ஹோர்னை அழுத்தினார். அழுத்திய கையை எடுக்காமலே யட்டவத்தைப் பாதைக்கு ஏறினார்.